பிளக்கும் பிளக் வயரும்: டப்பாவைப் பாத்து வாங்காதீங்க, நம்பரைப் பாத்து வாங்குங்க

இன்ஜின்ல பெட்ரோலைப் பத்த வைக்கிற ஸ்பார்க் பிளக், அதுக்கு வோல்டேஜ் கொண்டு போற வயர், இந்த ரெண்டைப் பத்தின ரிவ்யூ இது. முதல்ல முடிவைச் சொல்லிடறேன், அவசரத்துல இருக்கிறவங்க இதோட கிளம்பிடலாம். வயர் வச்ச இக்னிஷன் உள்ள பெட்ரோல் கார், கம்பெனில இருந்து சாதா நிக்கல் பிளக்கோட வந்திருந்தா அதே நம்பர் நிக்கல் பிளக்கே போதும், மிச்சமாகிற காசை நல்ல சிலிக்கான் வயர் செட்டுல போடுங்க. கம்பெனிலயே பிளாட்டினமோ இரிடியமோ வந்திருந்தா அதுல இருந்து கீழ இறங்காதீங்க, ஆனா வாங்கறது ரெண்டு பக்கமும் டிப் (பொறி குதிக்கிற முனைல வைக்கிற பிளாட்டினம், இரிடியம் மாதிரி துண்டு) வச்சதான்னு பாத்து வாங்குங்க, அது ஏன்னு கீழ சொல்றேன். என் வண்டி நாலு சிலிண்டர், ரெண்டு காயில் (பொறிக்கு வேண்டிய வோல்டேஜை ஏத்தித் தர்றது), நாலு வயர், பொறியை சிலிண்டர் சிலிண்டரா பிரிச்சு அனுப்பற டிஸ்ட்ரிபியூட்டர் கிடையாது. இதுல நிக்கல், ஒத்த டிப் இரிடியம், டபுள் டிப் மூணையும் ஓட்டியாச்சு, வயர்லயும் கார்பன், சுருள் ரெண்டும் பாத்தாச்சு, அதை வச்சு எழுதறேன்.

டப்பா மேல பெருசா எழுதிருக்கிற உலோகப் பேர் இருக்கே, அதுல தான் ஜனங்க ஏமாறுறாங்க. காப்பர் பிளக், காப்பர் பிளக்னு சொல்றோம்ல, அந்தக் காப்பர் உள்ள நடுத்தண்டுல சூட்டை இழுத்துட்டு போறதுக்காக வச்சது, பொறி குதிக்கிற முனை நிக்கல் அலாய் தான். காப்பர் உருகறது 1085 டிகிரில, அதை முனைல வச்சா எத்தனை நாள் தாங்கும்? நிக்கல் 1455, பிளாட்டினம் 1768, இரிடியம் 2446 டிகிரி. உருகுநிலை ஏற ஏற முனையை ஒல்லியா செய்யலாம், அதுதான் விஷயமே. சாதா நிக்கல்ல நடு எலக்ட்ரோடு சுமாரா 2.5 மில்லிமீட்டர் தடிமன், என்ஜிகே கம்பெனியோட இரிடியம் ஐஎக்ஸ்ல 0.6, டென்சோ கம்பெனியோட இரிடியம் பவர்ல 0.4 தான், கையில எடுத்துப் பாத்தா ஊசி முனை மாதிரி இருக்கும். முனை ஒல்லியானா பொறி குதிக்க குறைஞ்ச வோல்டேஜ் போதும், பிறக்கிற சின்ன தீயோட சூட்டை எலக்ட்ரோடு உறிஞ்சறதும் குறையும், அதனால காலைல குளிர்ந்த இன்ஜின் சட்டுனு பிடிக்கும், ஐட்லிங் கொஞ்சம் சீரா இருக்கும். இவ்ளோதான். பிளக் மாத்தினதும் வண்டி பறக்குதுன்னு சொல்றவங்க வண்டில பழைய பிளக் செத்துப் போய் இருந்திருக்கும், அதே வண்டிக்கு புது நிக்கல் போட்டிருந்தாலும் பறந்திருக்கும். நல்லா எரிஞ்சிட்டு இருக்கிற கலவையை இன்னும் நல்லா எரிய வைக்க பிளக்கால முடியாது.

இப்ப அந்த டிப் விஷயம். இரிடியம்னு போட்டிருந்தாலே லட்சம் கிலோமீட்டர் வரும்னு ஒரு நம்பிக்கை இருக்கு பாருங்க, அது பாதி உண்மை. இரிடியம் பிளக்ல ரெண்டு ஜாதி. ஒண்ணு நடு முனைல மட்டும் இரிடியம், மேல வளைஞ்சு நிக்கிற கிரவுண்ட் எலக்ட்ரோடு சாதா நிக்கல். மேல சொன்ன ஐஎக்ஸ், இரிடியம் பவர் ரெண்டும் இந்த ஜாதி தான், இது பெர்ஃபார்மன்ஸுக்காக செஞ்சது, ஆயுளுக்காக இல்ல. இன்னொண்ணு கிரவுண்ட் பக்கமும் பிளாட்டினம் மாதிரி ஒரு துண்டை வெல்டு பண்ணி வச்சது, என்ஜிகேல லேசர் இரிடியம், டென்சோல இரிடியம் டிடி இப்படி வரும். லட்சம் கிலோமீட்டர் கணக்கெல்லாம் இந்த ரெண்டாவது ஜாதிக்குத்தான். முதல் ஜாதிய போட்டுட்டு மறந்துடலாம்னு நினைச்சா கிரவுண்ட் பக்கம் தேஞ்சு கேப் (ரெண்டு முனைக்கும் நடுவுல பொறி குதிக்கிற இடைவெளி) பெருசாகி நிக்கும்.

என் வண்டி மாதிரி ரெண்டு காயில் நாலு வயர் செட்டப்ல இது இன்னும் முக்கியம். ஒரே காயில் ரெண்டு சிலிண்டருக்கு ஒரே நேரத்துல பொறி அனுப்பும், ஒண்ணு வேலை செய்ற பொறி, இன்னொண்ணு எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்ல சும்மா போற பொறி. சர்க்யூட் ஒரு பிளக் வழியா போய் ஹெட்டுல (பிளக் மாட்டியிருக்கிற இன்ஜின் மேல்பாகம்) இறங்கி அடுத்த பிளக் வழியா திரும்பி வருது, அப்ப ஒரு பிளக்ல பொறி நடுவுல இருந்து கிரவுண்டுக்கு, அடுத்ததுல கிரவுண்டுல இருந்து நடுவுக்கு. அதனால பாதி பிளக்ல நடு முனை தேயும், மீதி பாதில கிரவுண்ட் முனை தேயும். ஒத்த டிப் இரிடியத்தை கழட்டிப் பாத்தப்ப இதை அப்படியே கண்ணால பாத்தேன், ரெண்டு பிளக் புதுசு மாதிரி, ரெண்டுல கிரவுண்ட் எலக்ட்ரோடு ஓரம் மழுங்கி குழி விழுந்து இருந்துச்சு. பிளக் மேல குறையே இல்ல, இந்த சிஸ்டத்துக்கு அது ஆள் இல்ல அவ்ளோதான். ஆயுள் வேணும்னா டபுள் டிப், இல்லன்னா நிக்கலைப் போட்டு மேனுவல் சொல்ற தூரத்துல மாத்திட்டே இருங்க. நிக்கலுக்கு பொதுவா இருபதாயிரத்துல இருந்து நாப்பதாயிரம் கிலோமீட்டருக்குள்ள சொல்லுவாங்க.

ரெண்டு மூணு நாலு கிரவுண்ட் எலக்ட்ரோடு வச்ச பிளக் பத்தியும் கேப்பீங்க. நாலு கால் இருந்தா நாலு பொறி வராது, ஒரு தடவைக்கு ஒரு காலுக்கு தான் குதிக்கும், எது சுலபமோ அதுக்கு. தேய்மானம் நாலா பிரியறதால ஆயுள் கூடும். கம்பெனிலயே அப்படி வந்த வண்டின்னா அதையே போடுங்க, இல்லாத வண்டிக்கு தேடிப் போய் போட வேண்டியதில்ல.

சரி, நம்பர். என்னைப் பொறுத்தவரை பிளக் ரிவ்யூல பாதி இங்கதான் இருக்கணும், ஆனா எல்லாரும் பிராண்டை பத்தியே பேசிட்டு விட்டுடறாங்க. என்ஜிகே பிகேஆர்6இ-11 எடுத்துக்கோங்க. முன்னாடி வர்ற பி கே எழுத்து 14 மில்லிமீட்டர் த்ரெட், 16 மில்லிமீட்டர் ஸ்பேனர் சைஸ்னு சொல்லுது, ஆர்னா உள்ள ரேடியோ இரைச்சலை அடக்கற ரெசிஸ்டர் இருக்கு, 6 சூட்டு நம்பர் (அது என்னன்னு கீழ சொல்றேன்), இ-ன்னா த்ரெட் நீளம் 19 மில்லிமீட்டர், கடைசில 11-ன்னா கேப் 1.1 மில்லிமீட்டர். டென்சோல இதுக்கு ஈடு கே20பிஆர்-யு11, அதுல 20-ங்கிறது தான் சூட்டு நம்பர். என்ஜிகே 5-னா டென்சோ 16, 6-னா 20, 7-னா 22. ரெண்டுலயும் நம்பர் ஏற ஏற பிளக் கூலாகும். பாஷ்லயும் சாம்பியன்லயும் இது தலைகீழ், அங்க நம்பர் ஏறினா பிளக் சூடு. பிராண்டு மாத்தும்போது நம்பரை மனசுல வச்சு "ஒண்ணு கூட தானே"ன்னு வாங்கிட்டு வந்தா எதிர்ப் பக்கம் போயிடுவீங்க, அந்தந்த கம்பெனி அட்டவணைல வண்டி மாடலைப் போட்டு பாக்கறது தான் ஒரே வழி.

சூட்டு நம்பர்னா பிளக் எவ்ளோ பலமா பொறி அடிக்கும்னு அர்த்தம் இல்ல. முனைல ஏறுற சூட்டை எவ்ளோ வேகமா ஹெட்டுக்கு கடத்தும்னு தான் அர்த்தம், உள்ள இருக்கிற பீங்கானோட மூக்கு நீளமா இருந்தா சூடு மெதுவா இறங்கும், குட்டையா இருந்தா சீக்கிரம் இறங்கும். முனை சுமாரா 450, 500 டிகிரிக்கு மேல இருந்தாதான் படியிற கரி தானா எரிஞ்சு போகும், 800-ஐ தாண்டிட்டா பொறி வர்றதுக்கு முன்னாடியே அந்த முனை சூட்டுலயே கலவை பத்திக்கும், அது பிஸ்டனையே ஓட்டை போடற சமாச்சாரம். ஒரு நம்பர் மாத்தினா முனைல 70-ல இருந்து 100 டிகிரி வரைக்கும் வித்தியாசம் வரும். ஆக வண்டில டர்போ ஏத்தறது, கம்ப்ரஷனை கூட்டறதுன்னு எதுவும் பண்ணாத வரைக்கும் இந்த நம்பரைத் தொடாதீங்க. எண்ணெய் குடிக்கிற பழைய இன்ஜினுக்கு ஒரு நம்பர் சூடா போட்டு கரி பிடிக்கறதை சமாளிக்கிற மெக்கானிக்குங்க இருக்காங்க, தப்புன்னு சொல்ல மாட்டேன், ஆனா அது பிஸ்டன் ரிங்கோட வியாதிக்கு பிளக்ல மருந்து போடறது.

த்ரெட் நீளம் இன்னும் ஆபத்து. 19 மில்லிமீட்டர் போற இடத்துல 12.7 போட்டா பொறி குழிக்குள்ள ஒளிஞ்சு அடிக்கும், வெளில தெரியற ஹெட் த்ரெட்ல கரி ஏறும். குட்டை போற இடத்துல நீளம் போட்டா பிஸ்டன் மேல முட்டும். சில புது இன்ஜின்ல 26.5 வேற இருக்கு. கடைல "இது செட் ஆகும் சார்"னு குடுத்தா பழைய பிளக்கை பக்கத்துல வச்சு நீளம் பாத்துட்டு வாங்குங்க, வெட்கமே வேண்டாம்.

இப்ப வயர், இதைப் பத்தி தான் யாருமே எழுத மாட்டேங்கறாங்க. பிளக்கையும் வயரையும் தனித்தனி பார்ட்டா நினைக்கிறதுல தான் பாதி தலைவலி. காயில் ஒரு குறிப்பிட்ட வோல்டேஜை தள்ளறது கிடையாது, பொறி குதிக்கிற வரைக்கும் ஏத்திட்டே போகும். பிளக் தேஞ்சு 1.1 இருந்த கேப் 1.4 ஆச்சுன்னா தேவைப்படற வோல்டேஜ் ஏறும், அந்த வோல்டேஜ் வயர்ல எந்த இடத்துல ரப்பர் வீக்கா இருக்கோ அங்க கிழிச்சிட்டு பக்கத்துல இருக்கிற இரும்புக்கு ஓடிடும். தேஞ்ச பிளக் வயரைக் கொல்லும், செத்த வயர் காயிலைக் கொல்லும், இப்படியே போகும். மேடு ஏறும்போது, ஆக்சிலரேட்டரை முழுசா மிதிக்கும்போது மட்டும் மிஸ்ஸிங் அடிக்குது, ஐட்லிங்ல ஒண்ணும் இல்லன்னா இதுதான் கதை, ஏன்னா சிலிண்டர்ல அழுத்தம் கூடக் கூட பொறி குதிக்க அதிக வோல்டேஜ் வேணும். மழைல மட்டும் இழுக்குதுன்னாலும் முதல்ல வயரைத்தான் சந்தேகப்படணும்.

வயர்ல உள்ள ஓடற கம்பி மூணு வகை. கார்பன் ஏத்தின நூல், இது தான் பெரும்பாலான வண்டில கம்பெனில வர்றது, மீட்டருக்கு பத்து பதினஞ்சு கிலோ ஓம் சுமாரா இருக்கும், வயசாக ஆக உள்ள கருகி ரெசிஸ்டன்ஸ் ஏறிட்டே போகும். ரெண்டாவது ஒரு நடுத்தண்டு மேல மெல்லிசு கம்பியை நெருக்கமா சுருள் சுத்தினது, ரெசிஸ்டன்ஸ் கம்மி, ரேடியோ இரைச்சலை சுருளே அடக்கிடும், ஆயுளும் அதிகம், என் ஓட்டு இதுக்குத்தான். மூணாவது வெறும் காப்பர் கம்பி, இதை ரெசிஸ்டர் வச்ச முனையோட தான் போடணும், அது இல்லாம வெறும் காப்பர் வயர் ரேஸ் வண்டிக்குன்னு விக்கறதை தினசரி வண்டில போட்டீங்கன்னா ரேடியோ கரகரங்கறது சின்ன பிரச்சனை, இன்ஜின் கம்ப்யூட்டரும் சென்சாரும் குழம்பறது பெரிய பிரச்சனை. ரெசிஸ்டன்ஸ் கம்மியான வயர் போட்டா பவர் ஏறும்னு விளம்பரம் பண்றதை நம்பாதீங்க. பொறி குதிச்ச பிறகு ஓடற கரன்ட் மில்லி ஆம்பியர் கணக்கு, காயிலோட உள் சுத்துலயும் பிளக் ரெசிஸ்டர்லயும் ஏற்கனவே பல கிலோ ஓம் இருக்கு, வயர்ல நாலு அஞ்சு குறைஞ்சா உங்களுக்கு ஒண்ணும் தெரியாது.

தடிமன் 7 மில்லிமீட்டர், 8 மில்லிமீட்டர்னு வரும், அதுக்கு மேல 10 எல்லாம் வரும். உள்ள கம்பி அதே தான், வெளில ரப்பர் தான் கூடுது. சாதா வண்டிக்கு 7 தாராளம், 8 போட்டா கெட்டுப் போகாது, அதுக்கு மேல தடிமனா போனா வயர் மாட்டுற கிளிப்ல நுழையாம வெளில தொங்கி எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுல பட்டு பொசுங்கும். கலருக்கு காசு குடுக்காதீங்க. பாக்க வேண்டியது சிலிக்கான் உறையா சாதா ரப்பரா, பூட் (பிளக் தலையை மூடற ரப்பர் உறை) உள்ள டெர்மினல் துருப்பிடிக்காத ஸ்டீலா, வயர் நீளம் உங்க வண்டிக்குன்னு அளவா வெட்டினதா, இவ்ளோதான். சிலிக்கான் சூட்டை நல்லா தாங்கும் ஆனா சீக்கிரம் கிழியும், ஒரு கூரான பிராக்கெட் உரசினா போதும், அதனால கிளிப்ல மாட்டறதை சோம்பல் படாம செய்யணும். நான் ஒரு தடவை வாங்கின செட்டுல, பேர் வேண்டாம், வயர் நல்லா இருந்துச்சு ஆனா பூட் கீழ இறங்கி க்ளிக்னு உக்காரவே இல்ல, ஓடும்போது கழண்டு கழண்டு வந்துச்சு. அந்த க்ளிக் சத்தம் கேக்கலன்னா அந்த வயரைத் திருப்பிக் குடுத்துடுங்க, டெர்மினலை பிளையர்ல நசுக்கி சமாளிக்கிற வேலையெல்லாம் வேண்டாம். அதுக்கு முன்னாடி பிளக் தலைல இருக்கிற குட்டி நட்டு விஷயத்தைப் பாத்துடுங்க, சில வயருக்கு அந்த நட்டு இருக்கணும், சில வயருக்கு கழட்டிட்டு உள்ள இருக்கிற த்ரெட்லயே மாட்டணும். இருக்கணும்னா அதை இறுக்கி வைங்க, லூசா இருந்தா அங்கயே பொறி அடிக்கும்.

டெஸ்ட் பண்றது ஈசி. மல்டிமீட்டர் வச்சு ரெண்டு முனைக்கும் இடையில அளங்க, பல டொயோட்டா மேனுவல்ல ஒரு வயருக்கு 25 கிலோ ஓம் தான் உச்சம்னு போட்டிருக்கும், உங்க வண்டிக்கு மேனுவல் என்ன சொல்லுதோ அது. நம்பரை விட முக்கியம், அளக்கும்போது வயரை மெதுவா வளைச்சு விடுங்க, ரீடிங் குதிச்சா உள்ள கம்பி அறுந்திருக்கு. ஆனா மீட்டர் கம்பிய மட்டும் தான் பாக்கும், உறைல ஓட்டை இருக்கான்னு பாக்காது. அதுக்கு ராத்திரி இருட்டுல இன்ஜினை ஓட விட்டு வயர் மேல லேசா தண்ணி ஸ்ப்ரே பண்ணுங்க, லீக் இருந்தா நீல நிறத்துல பொறி ஓடறது தெரியும், டிக் டிக்னு சத்தமும் வரும். கைய வயர்கிட்ட கொண்டு போகாதீங்க, அடி பலமா இருக்கும், இதயத்துல பேஸ்மேக்கர் வச்சவங்க அந்தப் பக்கமே வர வேண்டாம்.

மாத்தும்போது ஒவ்வொண்ணா மாத்துங்க, எல்லாத்தையும் ஒரேடியா உருவிட்டா எது எங்க போகணும்னு தலை சுத்தும், நாலு சிலிண்டர்ல பொறி அடிக்கிறது 1-3-4-2 வரிசைல இருக்கறது ரொம்ப சாதாரணம்னாலும் எல்லா வண்டிலயும் அப்படி இல்ல. வயரைப் பிடிச்சு இழுக்காம பூட்டைப் பிடிச்சு லேசா திருகி எடுங்க. பழைய வயர் எந்தப் பாதைல போச்சோ அதே பாதைல விடுங்க, இது அழகுக்கு சொல்லல. பழைய செவர்லே வி8-ல வரிசை 1-8-4-3-6-5-7-2, அதுல 5-ம் 7-ம் பக்கத்துப் பக்கத்து சிலிண்டர், அடுத்தடுத்து வேற பத்துது, அந்த ரெண்டு வயரும் ஒட்டி இணையா ஓடினா ஒண்ணோட துடிப்பு இன்னொண்ணுல ஏறி 7 நேரத்துக்கு முன்னாடியே பத்திடும். அதனால தான் கம்பெனிக்காரன் கிளிப் வச்சு பிரிச்சு விட்டிருக்கான், நாம கேபிள் டை போட்டு அழகா ஒண்ணா கட்டி வைக்கிறோம். பூட் உள்சுவர்ல டைஎலக்ட்ரிக் கிரீஸ் (கரன்ட் கடத்தாத கிரீஸ்) கொஞ்சம் தடவுங்க, அடுத்த தடவை ஒட்டிக்காம கழண்டு வரும். பிளக் குழில எண்ணெய் நிக்குதுன்னா முதல்ல வால்வ் கவர் சீலை மாத்துங்க, இல்லன்னா புது பூட்டும் ஊறி உப்பிப் போகும். டிஸ்ட்ரிபியூட்டர் வச்ச வண்டின்னா மூடியும் ரோட்டரும் சேத்துப் பாருங்க.

பிளக் கேப் பத்தி: நிக்கல்ல ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற தகடு) வச்சு பாத்து கிரவுண்ட் காலை மட்டும் வளைச்சு சரி பண்ணலாம். இரிடியத்துல அந்த நாணயம் மாதிரி இருக்கிற கேஜை நுழைச்சு நெம்பினா முனை ஒடிஞ்சு போகும், கம்பி டைப் கேஜ் வச்சு பாக்க மட்டும் செய்ங்க. கேஸ்ல ஓடற வண்டிக்கு கேஸ் கிட் கம்பெனி சொல்ற மாதிரி கொஞ்சம் கம்மி கேப், ஏன்னா கேஸ் கலவைல பொறி குதிக்க பெட்ரோலை விட கூட வோல்டேஜ் கேக்கும், கேஸ் வண்டில வயர் சீக்கிரம் போறதுக்கும் அதுதான் காரணம்.

இறுக்கறதுக்கு டார்க் ரெஞ்ச் (எவ்ளோ பலமா இறுக்கறோம்னு காட்டற ஸ்பேனர்) இருந்தா வாஷர் வச்ச 14 மில்லிமீட்டர் பிளக், அலுமினிய ஹெட்னா 25-ல இருந்து 30 நியூட்டன் மீட்டர், 12 மில்லிமீட்டர்னா 15-ல இருந்து 20. இல்லன்னா கையால முழுசா திருகி உக்காந்த பிறகு புது வாஷருக்கு அரை சுத்துக்கும் மூணுல ரெண்டு பங்கு சுத்துக்கும் நடுவுல, வாஷரே இல்லாத சரிவு டைப்புக்கு பதினாறுல ஒரு பங்கு சுத்து தான், அதுக்கு மேல போனா அடுத்த தடவை கழட்டும்போது அழுவீங்க. இன்ஜின் ஆறின பிறகு தான் கைய வைக்கணும். த்ரெட்ல ஆன்டி சீஸ் (த்ரெட் ஒட்டிப் பிடிச்சுக்காம இருக்க தடவற பேஸ்ட்) தடவச் சொல்லி நிறைய பேர் சொல்லுவாங்க, பூச்சு போட்ட பிளக்குக்கு வேண்டாம்னு என்ஜிகேயே சொல்லுது, வழுக்கல்ல தெரியாம ஓவரா இறுகிடும்.

டூப்ளிகேட் தொல்லை இந்த பொருள்ல ரொம்ப அதிகம். ஒரிஜினல் பிளக்ல பீங்கான் மேல எழுத்து ஒழுங்கா, நகத்துல சுரண்டினா போகாத மாதிரி இருக்கும், கிரவுண்ட் கால் நடு முனைக்கு நேர் மேல நிக்கும், வாஷர் பிடிச்சு இழுத்தா கழண்டு வராது. ரெசிஸ்டர் பிளக்னா தலைக்கும் நடு முனைக்கும் மீட்டர் வச்சு பாருங்க, சுமாரா 5 கிலோ ஓம் பக்கம் காட்டணும், பூஜ்யம் காட்டினா உள்ள ரெசிஸ்டரே கிடையாது. அப்புறம் ஒண்ணு, என்ஜிகே கம்பெனி 2023-ல நிட்டெரான்னு பேர் மாத்திக்கிச்சு, பிளக் மேல பழைய பேரே தான் வருது, டப்பால புதுப் பேரைப் பாத்து போலின்னு திருப்பிக் குடுக்காதீங்க.

பிளக் தலைலயே காயில் உக்காந்திருக்கிற வண்டிக்கு வயர் கதையே இல்ல, காயிலுக்கு கீழ இருக்கிற ரப்பர் பூட்டும் ஸ்பிரிங்கும் தனியா கிடைச்சா பிளக் மாத்தும்போது அதையும் மாத்துங்க. செக் இன்ஜின் லைட் எரிஞ்சு பி0301, பி0302 மாதிரி கோடு வந்தா கடைசி இலக்கம் தான் சிலிண்டர் நம்பர், அந்த காயிலை வேற சிலிண்டருக்கு மாத்திப் போட்டு கோடும் கூடவே போகுதான்னு பாத்தா குறை காயில்லயா இல்லையான்னு தெரிஞ்சிடும். லைட் மின்னி மின்னி எரிஞ்சா ஓட்டாதீங்க, எரியாத பெட்ரோல் போய் புகையை சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டரை உருக்கிடும், அதோட விலைக்கு இந்த ரிவ்யூல இருக்கிற எல்லாமே சில்லறை.

கழட்டின பழைய பிளக்கை உடனே குப்பைல போடாம சிலிண்டர் வரிசைல வச்சுப் பாருங்க. வெளிர் பழுப்புன்னா நல்லது, காஞ்ச கரின்னா பெட்ரோல் அதிகமா போகுது, இல்லன்னா ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கு, ஈரமா பிசுபிசுன்னு கருப்புன்னா எண்ணெய் ஏறுது, வெள்ளையா பொரிஞ்சு இருந்தா கலவைல பெட்ரோல் கம்மி, இல்லன்னா பிளக் ரொம்ப சூடு. ஒண்ணு மட்டும் வேற கலர்ல இருந்தா பிளக் செட்டை குறை சொல்லாம அந்த சிலிண்டர் வயர், இன்ஜெக்டர் பக்கம் போங்க. வெளிப் பீங்கான்ல இரும்பு உடம்புக்கு மேல ஒரு பழுப்பு வளையம் தெரிஞ்சா கேஸ் லீக்னு சில பேர் பயமுறுத்துவாங்க, அது கூடுதல் வோல்டேஜால எண்ணெய்த் துகள் ஒட்டின கறை தான், அதுக்காக பிளக்கை மாத்தத் தேவையில்ல.